பில்ட் சர்வரில் ஒர்க்ஸ்பேஸ் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில்ட் (கோடை, அதாவது நிரலை, ஓடும் மென்பொருளாக மாற்றும் வேலை) உடைந்தால் கவலையில்லை, உடனே தெரிந்துவிடும். பில்ட் வெற்றி என்று காட்டிவிட்டு, உள்ளே பழைய கோடு போயிருந்தால்தான் ஆபத்து. அப்படி நடந்தால் எல்லோரும் கம்பைலரையும் ஸ்கிரிப்டையும் குடைவார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஒர்க்ஸ்பேஸை, அதாவது பில்டுக்கான கோப்புகள் இயந்திரத்தில் வந்து இறங்கும் இடத்தை.

கோடின் பதிப்புகளைச் சேமித்துவைக்கும் மென்பொருளான பெர்ஃபோர்ஸில், எந்தக் கோப்பின் எந்தப் பதிப்பு உங்களிடம் இருக்கிறது என்ற கணக்கை சர்வர்தான் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு ஒர்க்ஸ்பேஸின் பெயரில் எழுதப்படுகிறது, உங்கள் டிஸ்க்கைப் பார்த்து அல்ல. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: இரண்டு பில்ட் இயந்திரங்களுக்கு ஒரே ஒர்க்ஸ்பேஸ் பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் இயந்திரம் 5120ஆம் மாற்றம் வரை இறக்கிக்கொள்கிறது, சர்வர் அதைக் குறித்துக்கொள்கிறது. அடுத்த நிமிடம் இரண்டாவது இயந்திரம் அதே பெயரில் வந்து கேட்கிறது. "எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது" என்று பதில் வருகிறது, ஒரு கோப்புகூட இறங்குவதில்லை. அந்த இயந்திரம் தன் டிஸ்க்கில் கிடக்கும் பழைய கோடை வைத்தே பில்டை முடித்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

இதைத் தடுக்கத்தான் ஒர்க்ஸ்பேஸ் அமைப்பில் ஹோஸ்ட் என்ற வரி இருக்கிறது. அதில் ஓர் இயந்திரத்தின் பெயர் இருந்தால், வேறு இயந்திரத்திலிருந்து அந்த ஒர்க்ஸ்பேஸைப் பயன்படுத்த முடியாது. அந்த மறுப்புச் செய்தி வந்ததும் பலர் செய்வது, ஹோஸ்ட் வரியைக் காலியாக்கிவிடுவது. செய்தி போய்விடும், காப்பும் சேர்ந்து போய்விடும். பெயரைப் பிரிப்பதுதான் சரியான வழி. ஜாப் (பில்ட் சர்வர் ஓட்டும் ஒரு வேலை) பெயர், இயந்திரத்தின் பெயர், எக்ஸிக்யூட்டர் (ஓர் இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரு ஜாபை ஓட்டும் இடம்) எண் மூன்றும் சேர்ந்து ஒர்க்ஸ்பேஸின் பெயராகட்டும். பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் ஒரே ஜாப் ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடினால், இரண்டாவதற்கு அது தனி ஃபோல்டர் கொடுத்துவிடும். ஆனால் ஸ்கிரிப்டுக்குள் முழுப் பாதையை எழுதிவைத்திருந்தால், இரண்டாவது ஓட்டமும் முதல் ஃபோல்டரிலேயே போய் எழுதும்.

இதே கணக்குப் பிரச்சினை இன்னொரு வழியிலும் வரும். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று யாரோ ஃபோல்டரைக் கையால் அழிப்பார்கள். சர்வருக்கு அது தெரியாது, அதனால் அடுத்த பில்டில் காலி ஃபோல்டர்தான் இருக்கும். கட்டாயமாக எல்லாவற்றையும் மறுபடி இறக்கலாம், ஆனால் பெரிய டிப்போ (சர்வரில் உள்ள கோப்புக் களஞ்சியம்) என்றால் சர்வர் திணறும். 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து பெர்ஃபோர்ஸில் கிளீன் கட்டளை இருக்கிறது. அது டிஸ்க்கைச் சர்வர் கணக்கோடு ஒப்பிட்டு, மாறியதையும் காணாமல் போனதையும் மட்டும் மறுபடி இறக்கும்.

பதிப்புகளைச் சேமிக்கும் இன்னொரு மென்பொருளான கிட்டில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தொல்லை மிச்சங்களால் வருகிறது. கிளை (கோடின் தனி வளர்ச்சிப் பாதை) மாறினாலும், கிட் கண்காணிக்காத கோப்புகள் அப்படியே கிடக்கும். கோடு எழுதி உருவாக்கும் ஒரு கருவியை ரெப்போவிலிருந்து (கிட்டின் களஞ்சியம்) நீக்கிவிட்டீர்கள், அது போன வாரம் உருவாக்கிய கோப்பு ஒர்க்ஸ்பேஸில் இருக்கிறது என்றால் பில்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கண்காணிக்காத கோப்புகளை அழிக்கும் கிட் கிளீன் கட்டளையைப் போட்டால் போதும் என்று நினைப்பார்கள். எக்ஸ் (-x) என்ற தேர்வு இல்லாமல் போட்டால், கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல்) உள்ள கோப்புகளை அது தொடாது. பில்ட் வெளியீடுகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். சரி, எக்ஸ் போட்டால் டிபெண்டன்ஸி கேஷும் (பில்டுக்காக இறக்கிச் சேமித்த வெளி நூலகங்கள்) சேர்ந்து அழிகிறதே என்றால், கேஷை ஒர்க்ஸ்பேஸுக்கு வெளியே வையுங்கள். அழிப்பதை நிறுத்தாதீர்கள்.

ஆழமில்லாத குளோனும் (ரெப்போவின் முழு வரலாறு இல்லாத நகல்) கவனிக்க வேண்டியது. கடைசி ஒரு கமிட்டை (கிட்டில் பதிவான ஒரு மாற்றம்) மட்டும் இறக்கினால் வேகம்தான், ஆனால் டேகிலிருந்து (ஒரு பதிப்புக்கு இடும் பெயர்க்குறி) பதிப்பு எண்ணைக் கண்டுபிடிக்கும் ஸ்கிரிப்ட் அங்கே தோற்றுவிடும். அந்த ஜாபுக்கு மட்டும் முழு வரலாற்றையும் இறக்குங்கள்.

அப்புறம், "கடைசிப் பதிப்பை எடு" என்று சொல்லும் பழக்கம். விண்டோஸ் இயந்திரம் எடுத்த பிறகு, லினக்ஸ் இயந்திரம் எடுப்பதற்குள் ஒருவர் புதிய மாற்றத்தைச் சப்மிட் செய்தால், ஒரே பில்ட் எண்ணில் இரண்டு வேறு கோடுகள் வெளியே போகும். தொடக்கத்தில் ஒரே ஒருமுறை மாற்ற எண்ணையோ கமிட் ஹாஷையோ (கமிட்டின் அடையாளக் குறி) முடிவுசெய்து எல்லா இயந்திரங்களுக்கும் அதையே அனுப்புங்கள்.

டெவலப்பர் ஒருவரின் மேப்பிங்கை (எந்த ஃபோல்டர்கள் ஒர்க்ஸ்பேஸில் இறங்க வேண்டும் என்ற பட்டியல்) அப்படியே நகலெடுக்க வேண்டாம். அவர் தன் வசதிக்கு விலக்கிவைத்த ஃபோல்டர்கள் பில்டுக்குத் தேவைப்படலாம். டிப்போ முழுவதையும் மேப் செய்வதும் தவறுதான், ஆவணத்தில் ஒரு எழுத்து மாறினாலும் பில்ட் கிளம்பிவிடும். விண்டோஸில் ஒர்க்ஸ்பேஸின் வேர் ஃபோல்டரைக் குட்டையாக வையுங்கள், 260 எழுத்துப் பாதை வரம்பு இன்னும் பல கருவிகளைத் தடுக்கிறது.

கடைசியாக, பயனர் கணக்கு. ஒருவரின் சொந்தக் கணக்கில் பில்ட் ஓடினால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் பில்டும் நின்றுவிடும். தனிக் கணக்கு உருவாக்கி, படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். பெர்ஃபோர்ஸில் லாகின் டிக்கெட் (உள்நுழைந்ததற்கான அனுமதிச் சீட்டு) இயல்பாக 12 மணி நேரத்தில் காலாவதியாகும். அதனால் அந்தக் கணக்கை, டிக்கெட்டுக்குக் கால வரம்பில்லாத ஒரு குழுவில் சேர்க்க வேண்டும். டேக் போடும் ஜாபுக்கு மட்டும் எழுதும் உரிமையுள்ள வேறொரு கணக்கு இருக்கட்டும்.