கேர்னல் மரத்தை மீளாய்வு செய்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் உள்ள ஒரு வீட்டு விறாந்தையில், சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடி லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலின் மூலநிரலை வரி வரியாக வாசித்து வருகிறோம். தரவுகளைச் சாவி வரிசையில் அடுக்கித் தானே சமநிலை பேணும் சிவப்பு-கறுப்பு மரத்துக்காக ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட கோப்பைத் திறந்த அன்று, இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்டார்: “அன்சேஃப் எண்டு தேடி அந்த வரியளை மட்டும் வாசிச்சாக் காணும்தானே அண்ணை? மிச்சத்தைக் கொம்பைலர் பாத்துக்கொள்ளும்.” நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கொம்பைலர், ரஸ்டில் நினைவகப் பிழைகளையும் தடுக்கும்; அதனால் சரிபார்க்க முடியாத செயல்களை மட்டும் ‘அன்சேஃப்’ என்று அடையாளமிட வேண்டும். பிறர் எழுதிய நிரலைச் சோதித்து வாசிக்கும் மீளாய்வில் நான் கண்ட தவறுகளிற் பல இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து முளைத்தவை என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில், நாம் வாசிப்பது எதை என்பதைச் சொல்லிவிட வேண்டும். லினக்ஸில் சிவப்பு-கறுப்பு மரம் சி மொழியில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதன் ஒவ்வொரு கணுவிலும் இடப்பிள்ளைக்கும் வலப்பிள்ளைக்குமாக முகவரியைத் தாங்கும் இரண்டு பொயின்டர்களும், பெற்றோரின் முகவரியையும் கணுவின் நிறத்தையும் ஒன்றாக அடக்கிய ஓர் எண்ணும் இருக்கும். 64 பிட் கணினியில் இது மொத்தம் 24 பைட். முகவரிகள் 8 இன் மடங்குகளாகச் சீரமைக்கப்பட்டிருப்பதால் அவற்றின் கடைசி பிட் பயனின்றிக் கிடக்கும், அந்த பிட்டில்தான் நிறம் குறிக்கப்படுகிறது. ரஸ்ட் ஆதரவு 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்போடு கேர்னலுக்குள் வந்தது. இந்த மரத்துக்கான ரஸ்ட் உறை 2024 நவம்பரில் 6.12 பதிப்போடு வந்தது. அதை உறை என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் கணுவை இணைத்த பின் சுழற்றிச் சமப்படுத்துவதையும் அகற்றுவதையும் பழைய சி செயற்கூறுகளே இன்னமும் செய்கின்றன. ஆகவே மரத்தின் வடிவத்தைப் பற்றிக் கொம்பைலருக்கு எதுவுமே தெரியாது. அது மீளாய்வாளரின் பொறுப்பு.

இனி அந்த மாணவரின் கேள்வி. மரத்தின் வகைக்குள் இரண்டே புலங்கள் உள்ளன: வேரைச் சுட்டும் சி கட்டமைப்பு ஒன்று, கணுக்களின் உரிமையைக் கொம்பைலருக்கு உணர்த்தும் வெற்றுக் குறி மற்றொன்று. சி தலைப்புக் கோப்பிலிருந்து தானாக உருவாக்கப்படும் அந்த வேர்க் கட்டமைப்பு, நகலெடுக்கத்தக்கது என்ற அடையாளத்தோடுதான் ரஸ்டுக்கு வந்துசேருகிறது. அதே மொடியூலுக்குள் (நிரலின் அதே தொகுதிக்குள்) ஒருவர் மரத்தின் பிரதியைத் தரும் சிறிய செயற்கூறு ஒன்றை எழுதி, வேரை அப்படியே புதிய மரத்தில் நகலெடுத்து வைத்தாரென்றால், மூன்று வரிகளில் வேலை முடிந்துவிடும். அன்சேஃப் என்ற சொல் எங்கும் வராது, கொம்பைலரும் வாய் திறக்காது. ஆனால் ஒரே கணுக்களுக்கு இப்போது இரண்டு மரங்கள் உரிமை கோருகின்றன. முதல் மரம் அழியும்போது கணுக்கள் விடுவிக்கப்படும். இரண்டாவது அழியும்போது அதே நினைவகம் மறுபடியும் விடுவிக்கப்படும். கேர்னல் விழுந்த இடத்தைத் தேடிப் போனால் அன்சேஃப் வரி ஒன்றில் போய் நிற்போம், அதை விழுத்திய வரியோ முழுக்க முழுக்கப் பாதுகாப்பான ரஸ்ட். எனவே வாசிக்க வேண்டிய எல்லை அன்சேஃப் அடைப்பு அல்ல. தனிப்பட்ட புலங்களைத் தொடக்கூடிய மொடியூல் முழுவதுமே.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கேர்னலின் இணைப்புப் பட்டியலில் முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் பட்டியலின் தலையைத் திருப்பிச் சுட்டுவதால், தலையை நினைவகத்தில் இடம் மாற்றக் கூடாது. அதைப் படித்தவர்கள் மரத்திலும் வேரை அசையாமற் கட்டிவைக்கும்படி கேட்பார்கள். மரத்தின் வேர்க்கணுவுக்குப் பெற்றோர் இல்லை, அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். எந்தக் கணுவும் வேர்க் கட்டமைப்பைத் திருப்பிச் சுட்டாததால் அதைத் தாராளமாக இடம் மாற்றலாம். தேவையற்ற பாதுகாப்பைக் கேட்பதும் வாசிக்காமற் கேட்பதுதான்.

அடுத்தது, சேஃப்டி குறிப்பை நிரூபணமாக எடுத்துக்கொள்வது. அன்சேஃப் அடைப்பு ஒவ்வொன்றின் மேலும், அது ஏன் சரி என்று விளக்கும் குறிப்பு எழுதப்பட வேண்டும் என்பது கேர்னலின் ரஸ்ட் வழக்கம். குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடந்து போகிறவர்கள் அதிகம். யாழ்ப்பாணத்தில் காணி வாங்குகிறவர், உறுதியில் ‘கிழக்கு ஒழுங்கை, தெற்கு இன்னாரின் காணி’ என்று எழுதியிருப்பதை வாசித்த கையோடு காசைக் கொடுப்பதில்லை. உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரமாக ஒரு சுற்று நடந்து பார்ப்பார். குறிப்பு சொல்லும் ஒவ்வொரு கூற்றையும் எடுத்துக்கொண்டு, அதைப் பொய்யாக்கக்கூடிய வரி மொடியூலில் எங்காவது இருக்கிறதா என்று அவ்வாறே நடந்து பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக் குறைகளுக்கு வழங்கப்படும் பொது அடையாள எண்ணைச் சிவிஇ என்பார்கள். 2025 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட சிவிஇ-2025-68260 இதற்குப் பொருத்தமான பாடம். கேர்னலின் ரஸ்ட் நிரலுக்கு வழங்கப்பட்ட முதல் சிவிஇ எண் அதுதான். பிழை இருந்தது ரஸ்ட் பைண்டரின் (அன்ட்ராய்டில் நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் டிரைவரின் ரஸ்ட் வடிவம்) ஒரு பட்டியலில், மரத்தில் அல்ல. ஆனாலும் காரணம் நமக்கு நேரடியாகப் பொருந்தும். பட்டியலிலிருந்து உறுப்பை அகற்றும் அன்சேஃப் வரியின் மேல், ‘இந்த உறுப்பு தன் உரிமையாளரின் பட்டியலில் இருக்கும், இல்லையேல் எந்தப் பட்டியலிலும் இராது’ என்ற கருத்தில் ஒரு குறிப்பு இருந்தது. வாசிக்கையில் குறை தெரியாது. அதே கோப்பில் வேறோர் இடத்தில், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி காக்கும் லொக்கைப் பிடித்துக்கொண்டு பட்டியலிலுள்ள எல்லாவற்றையும் ஓர் உள்ளூர்ப் பட்டியலுக்கு நகர்த்தி, லொக்கை விட்டுவிட்டு, அதன்பின் அந்த உள்ளூர்ப் பட்டியலை ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும் நிரல் இருந்தது. அந்த இடைவேளையில் உறுப்பு இருந்தது குறிப்புக்குத் தெரியாத மூன்றாவது பட்டியலில். இணையாக இயங்கும் வேறொரு த்ரெட் அவ்வேளையில் அதை அகற்றினால், இருவரும் ஒரே முன்-பின் பொயின்டர்களை ஒரே நேரத்தில் மாற்றுவார்கள், நினைவகம் சிதையும். இரண்டு இடங்களையும் தனித்தனியே வாசித்தவருக்கு இரண்டும் சரியாகவே தோன்றியிருக்கும்.

சாவிகளை ஒப்பிடும் செயற்கூறை நம்புவதும் இதே இனத்தைச் சேர்ந்த தவறு. சாவியின் வகை எதுவாக இருக்க வேண்டும், அதன் ஒழுங்கு எப்படி என்பதை மரத்தைப் பயன்படுத்தும் டிரைவர் எழுதுகிறவர் தீர்மானிக்கிறார். அவர் ‘அ’ சிறிது, ‘ஆ’ பெரிது என்று ஒரு தடவையும், மறுதலையாக இன்னொரு தடவையும் சொல்லும் ஒப்பீட்டை அன்சேஃப் இன்றியே எழுதலாம். அவ்வாறு எழுதினால் மரம் தேடியதைக் கண்டுபிடிக்காமற் போகலாம், ஒரே சாவி இரு தடவை புகலாம். இவை பிழைகள்தான், ஆனால் நினைவகம் கெடக் கூடாது. ஆகவே ‘தேடியும் கிடைக்கவில்லை, எனவே இந்தக் கணு மரத்தில் இல்லை’ என்று ஒரு சேஃப்டி குறிப்பு வாதிட்டால், அந்த பேட்ச்சை (மீளாய்வுக்கு வந்த நிரல் மாற்றத்தை)த் திருப்பி அனுப்புங்கள்.

மரத்தில் கணு கணுவாக நகரும் கேர்சரில், சுட்டல்கள் எதுவரை செல்லும் என்று சொல்லும் ஆயுட்காலங்களைக் கவனியாமல் விடுவது சிறிய இடம், ஆனால் வழுக்கும் இடம். கேர்சர் நிற்கும் கணுவின் மதிப்பை மாற்றத்தக்க சுட்டலாகத் தரும் செயற்கூறு, கேர்சரைக் கடன் வாங்கியிருக்கும் காலம் வரைக்கும் செல்லுபடியாகும் சுட்டலைத்தான் தர வேண்டும். எழுதியவர் அதற்குப் பதிலாக மரம் முழுவதற்குமான ஆயுட்காலத்தை இட்டுவிட்டால், அதே செயற்கூறை இரு தடவை அழைத்து ஒரே மதிப்புக்கு இரண்டு மாற்றத்தக்க சுட்டல்களைப் பெறலாம். ஆயுட்காலத்தைக் குறிக்கும் ஒற்றை மேற்கோட்குறியும் ஓர் எழுத்தும்தான் வித்தியாசம். சாவியை எந்த நிலையிலும் மாற்றத்தக்கதாகத் தரக் கூடாது. மரத்தை இன்னொரு த்ரெட்டுக்கு அனுப்பலாம் என்று கையால் அறிவிக்கும் வரியில், சாவிக்கும் மதிப்புக்கும் அதே நிபந்தனை இடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தை அது இயங்கும் சூழலிலிருந்து பிரித்து வாசிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பின்லொக் (உறங்காமல் சுழன்றபடி காத்திருக்கும் லொக் வகை) ஒன்றைப் பிடித்திருக்கும் கேர்னல் நிரல் உறங்கக் கூடாது; ஜிஎஃப்பி கேர்னல் என்ற கொடியோடு நினைவகம் கேட்டால் உறங்க நேரலாம். இதற்காகவே அந்த உறையில், கணுவுக்கான நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைத்துக்கொள்ளும் வகை ஒன்று தனியாக இருக்கிறது. பலர் அதைச் சரியாகவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் தேடிப் பார்த்து, சாவி இல்லையென்று கண்டு, லொக்கை விட்டு, நினைவகம் ஒதுக்கி, மறுபடியும் லொக்கைப் பிடித்துச் செருகும்போது, இடையில் வேறொருவர் அதே சாவியைச் செருகியிருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். லொக்கை மீண்டும் பிடித்ததும் தேடலும் மீண்டும் தொடங்க வேண்டும்.

ஒதுக்குவதைக் கவனிக்கிறவர்களும் அழிப்பதைக் கவனிப்பதில்லை. இதில் நானும் தவறியிருக்கிறேன். செருகும் செயற்கூறு, அதே சாவியில் ஏற்கனவே இருந்த கணுவைத் திருப்பித் தரும். அதை வாங்கி ஒரு மாறியில் வைத்த பயிற்சி நிரல் ஒன்றைச் சரியென்று ஏற்றுக்கொண்டேன். லொக்கின் காவல் மாறி (அது அழியும்போதுதான் லொக் விடுபடும்) முதல் வரியில், பழைய கணுவை வாங்கிய மாறி மூன்றாம் வரியில். ரஸ்டில் உள்ளூர் மாறிகள் அறிவிக்கப்பட்டதற்கு எதிர்வரிசையில் அழிகின்றன. எனவே லொக் விடுபடும் முன்பே பழைய கணு அழிந்தது. அதன் மதிப்பு அழியும்போது இயங்கும் நிரல் அதே லொக்கைக் கேட்டது. கணினியைப் போலச் செயற்படும் கியூஇஎம்யு மென்பொருளில் இயங்கிக்கொண்டிருந்த கேர்னல் அசைவின்றி நின்றது. பழைய கணுவுக்கான மாறியைக் காவல் மாறிக்கு மேலே அறிவித்திருந்தால் போதும்; வாங்காமல் விட்டிருந்தாலோ இன்னும் முன்னதாகவே, அந்த வரியிலேயே அழிந்திருக்கும். அன்றுமுதல் ஒவ்வொரு மதிப்பும் எந்த வரியில் அழிகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாசிக்கிறேன்.

மரத்தை முற்றாகக் கலைக்கும் பகுதியில் ஒன்றை மட்டும் பாருங்கள். பிள்ளைகளைப் பெற்றோருக்கு முன் விடுவிக்கும் பின்வரிசை நடையின்போது, அகற்றும் செயற்கூறை அழைக்கக் கூடாது. அது மரத்தைச் சமப்படுத்தப் போய்ச் சில கணுக்களை நடையிலிருந்து நழுவவிடும். சி தலைப்புக் கோப்பில் இந்த நடைக்கான மெக்ரோவின் பெயரிலேயே ‘சேஃப்’ என்ற சொல் ஒட்டியிருப்பதால் ஏமாறுவது எளிது. நடக்கும்போது கணுவின் நினைவகத்தை விடுவிக்கலாம் என்பது மட்டுமே அதன் பொருள், கோப்பிலுள்ள குறிப்பும் அதைத் தெளிவாகச் சொல்கிறது.

பரீட்சிப்பைப் பொறுத்தவரை, 1 முதல் 5 வரை வரிசையாகச் செருகி வரிசையாக அகற்றும் பரீட்சை எதையும் காட்டாது. இரு பிள்ளைகள் உள்ள கணுவை நடுவிலிருந்து அகற்றும் கிளைகள் அதில் இயங்குவதே இல்லை. ஏழு சாவிகளைச் செருக 5040 வரிசைகள் உள்ளன, அகற்றவும் அத்தனையே. இரண்டையும் பெருக்கினால் இரண்டரைக் கோடிச் சொச்சம். அதை, நினைவகத் தவறுகளைக் கண்டறியும் கேஅசான் பொருத்திய கேர்னலில் ஓடவிடும்படி எழுதியவரிடம் கேட்பதில் தவறில்லை.

கடைசித் தவறு கையொப்பத்தில் நிகழ்வது. ரஸ்ட் பக்கத்தை வாசித்தவர், சி பக்கத்தைத் திறவாமலே, முழு பேட்ச்சுக்கும் ‘ரிவியூட்-பை’ (மீளாய்ந்தவர்) என்று எழுதிவிடுகிறார். ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொள்வதற்குக் கேர்னல் வழக்கத்தில் ‘அக்ட்-பை’ என்ற குறி இருக்கிறது. அதை இட்டு, எந்தக் கோப்பை எந்த வரிவரைக்கும் வாசித்தீர்கள் என்று கீழே ஒரு வரி சேர்த்தால், அடுத்து வாசிப்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வார்.