திகில் ட்ரெய்லர் வெட்டும்போது அமைதியைக் கவனியுங்கள்
கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பேய்க் குறும்படம் எடுத்து ட்ரெய்லர் வெட்ட உட்காருபவர்களுக்கு: பயம் பெரும்பாலும் ஒலியில்தான் இருக்கிறது. திடுக்கிட வைக்கும் திடீர்ச் சத்தத்துக்கு முன் இசையை மெல்லக் குறைக்காமல் சட்டென்று நிறுத்துங்கள். செக்கனுக்கு 24 பிரேம் வேகத்தில் 12 முதல் 24 பிரேம், அதாவது அரை முதல் ஒரு செக்கன் அமைதி போதும். முழு வெறுமை வேண்டாம். மின்விசிறிச் சத்தமோ தூரத்துக் கரையோர ரயிலோ மெலிதாகக் கேட்கட்டும். இல்லாவிட்டால் போன் பழுதென்று நினைப்பார்கள்.

பேயின் முகத்தைக் காட்டாதீர்கள், அதைப் பார்ப்பவரின் முகமே போதும்.

40 ஹேர்ட்ஸ் உறுமல் தியேட்டரில் நெஞ்சை அதிர வைக்கும், போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அதன் பிரதியொன்றை மூன்று ஒக்டேவ் ஏற்றி (ஒவ்வொரு ஒக்டேவும் அதிர்வெண்ணை இரட்டிக்கும்), 320 ஹேர்ட்ஸில் சேருங்கள். வெளியிடுமுன் சாதாரண போனில், ஹெட்போன் இல்லாமல் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.