ஃபர்ம்வேரை வேறு ஓஎஸ்ஸுக்கு மாற்றுகிறீர்களா? எண்களைப் பாருங்கள்

ஃப்ரீஆர்டிஓஎஸ், செஃபிர் இரண்டும் சின்ன சிப்களில் ஓடும் ஓஎஸ்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் ஓடும் ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் நிரலை) செஃபிருக்குக் கொண்டுபோகும்போது, ஃபங்ஷன் பெயர்களை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பைல் ஆகிவிடும். போர்டில் ஏற்றியதும்தான் தொல்லை ஆரம்பிக்கும்.

ஒரே எண்ணுக்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு பொருள். டாஸ்க்குக்கு (தனியாக ஓடும் ஒரு வேலைக்கு) ஸ்டாக், அதாவது அதன் தற்காலிக நினைவிடம், 512 என்று கொடுத்திருப்பீர்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அது வேர்டு கணக்கு. 32 பிட் சிப்பில் ஒரு வேர்டு 4 பைட், ஆக 2048 பைட். செஃபிரில் அது வெறும் 512 பைட்தான். ஒரு பிரிண்ட்எஃப் போட்டாலே நிரம்பி வழிந்துவிடலாம். ஈஎஸ்பி சிப்களுக்கான ஈஎஸ்பி-ஐடிஎஃப் டூல்கிட்டோடு வரும் ஃப்ரீஆர்டிஓஎஸ்கூட பைட் கணக்கில்தான் கேட்கும், ஜாக்கிரதை. முன்னுரிமையோ நேர் தலைகீழ்: ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் பெரிய எண் முந்தும், செஃபிரில் சின்ன எண் முந்தும். டிலே (காத்திருக்கும் நேரம்) எண்ணும் இடத்துக்கு இடம் பொருள் மாறும். டிக் என்பது ஓஎஸ் கடிகாரத்தின் ஒரு துடிப்பு. டிக் ரேட் 100 ஹெர்ட்ஸ் என்றால் 50 டிக் என்பது அரை விநாடி. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 50 மில்லிவிநாடி.

அதனால் டாஸ்க், டிலே, மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கை மட்டும் விடும் பூட்டு), கியூ (டாஸ்க்குகளிடையே தகவல் போகும் வரிசை) ஆகியவற்றை உங்கள் சொந்தப் பெயரில் சில ஃபங்ஷன்களாக ஒரே ஃபைலில் அடக்கிவிடுங்கள். அங்கே நேரம் என்றால் மில்லிவிநாடி, ஸ்டாக் என்றால் பைட், முன்னுரிமைக்கு எண்ணே வேண்டாம். உயர், நடு, தாழ் போதும். ஓஎஸ் மாறினால் அந்த ஃபைலை மட்டும் திருப்பி எழுதலாம்.

லினக்ஸுக்கும் பிதிரெட்டை (லினக்ஸில் திரெட்களை ஓட்டும் லைப்ரரி) வைத்து அப்படி ஒரு ஃபைல் எழுதிக்கொள்ளுங்கள். போர்டு கைக்கு வருமுன்பே லேப்டாப்பில் லாஜிக்கைச் சோதித்துவிடலாம். பாக்கெட் ஸ்ட்ரக்சரில் லாங் (சி மொழியின் ஒரு முழு எண் வகை) போட்டிருந்தால் அப்போதே மாட்டும்: 32 பிட் ஆர்மில் அது 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8.