ஐகானை அழித்தால் மென்பொருள் போய்விடாது

போன வாரம் சித்தப்பா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மூணு தடவை அழிச்சுட்டேன்டா, மறுபடியும் வந்து நிக்குது" என்றார். எதை அழித்தார் என்று பார்த்தால், டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானை. அது கடை வாசலில் மாட்டிய போர்டு மாதிரிதான். போர்டைக் கழற்றிவிட்டால் கடை காலியாகிவிடுமா?

பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்ற ஏதோ ஓர் இலவச மென்பொருளை இறக்கியிருக்கிறார். "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டிக்கொண்டே போனதில், வார இதழோடு வரும் இலவச இணைப்பு போல இன்னும் இரண்டு கூடவே வந்துவிட்டன. அவற்றை எடுத்த கதைதான் இது. விண்டோஸ் 11-ஐ வைத்துச் சொல்கிறேன். 10-லும் ஏறக்குறைய இதே வழிதான்.

படி 1: ரீஸ்டோர் பாயின்ட்

ஸ்டார்ட் மெனுவில் "கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்" என்று தேடித் திறந்து, கீழே உள்ள "கிரியேட்" பட்டனை அழுத்துங்கள். பட்டன் மங்கலாக இருந்தால், பக்கத்திலுள்ள "கன்ஃபிகர்" வழியாகப் பாதுகாப்பை ஆன் செய்துவிட்டு வாருங்கள். ஏதாவது தப்பாகிவிட்டால் இந்த நிலைக்குத் திரும்பலாம்.

படி 2: பட்டியலைத் தேதி வாரியாகப் பாருங்கள்

விண்டோஸ் பட்டனையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் ஆப்ஸ், பிறகு இன்ஸ்டால்டு ஆப்ஸ். (விண்டோஸ் 10-இல் இதன் பெயர் "ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்".) பட்டியல் அகர வரிசையில் இருந்தால் நமக்குப் பயனில்லை. "சார்ட் பை" என்பதில் நிறுவிய தேதியைத் தேர்ந்தெடுங்கள். தொல்லை தொடங்கிய நாளில் வந்தவை எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். சித்தப்பா லேப்டாப்பில் ஒரே தேதியில் மூன்று: அந்த பிடிஎஃப் மென்பொருள், "கம்ப்யூட்டரை வேகமாக்கும்" ஒன்று, வானிலை காட்டும் ஒன்று.

பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் எடுத்துவிடாதீர்கள். "மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்" என்று நாலைந்து வரி, வெவ்வேறு ஆண்டுகளோடு இருக்கும். பார்த்தால் குப்பை போலத் தெரியும். எடுத்தால் வேறு மென்பொருள்கள் திறக்காமல் படுத்துவிடும். இன்டெல், ரியல்டெக், ஏஎம்டி பெயரில் உள்ளவை பெரும்பாலும் டிரைவர்கள், அதாவது கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்கள். சந்தேகம் வந்தால் பெயரைக் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 3: அன்இன்ஸ்டால்

வேண்டாததன் வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, அன்இன்ஸ்டால் கொடுங்கள். அனுமதி கேட்டால் "யெஸ்".

அடுத்து வரும் பெட்டியில்தான் ஏமாற்று வேலை. அந்த "வேகமாக்கும்" மென்பொருள் என்ன செய்தது தெரியுமா? பெரிய பச்சைப் பட்டனில் "வைத்துக்கொள்கிறேன், பாதி விலையில் கொடுங்கள்" என்ற பொருளில் ஓர் அழைப்பு. நீக்குவதற்கான வரியோ கீழே ஓரமாக, சாம்பல் நிறத்தில், பட்டன் என்றே தெரியாத பொடி எழுத்தில். பச்சையைக் கண்டதும் கை தானாகப் போகும். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டே அழுத்துங்கள். மூன்றையும் எடுத்து முடித்ததும் ஒரு ரீஸ்டார்ட்.

"இப்போது இயங்கிக்கொண்டிருக்கிறது, நீக்க முடியாது" என்று வந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதற்கு "எண்ட் டாஸ்க்" கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் தொடங்கும் நிலையில், போய் எடுக்கச் சொல்வார்கள் பலர். ஆனால் விண்டோஸ் இன்ஸ்டாலரை (மென்பொருளை நிறுவவும் நீக்கவும் விண்டோஸிலேயே உள்ள சேவை) நம்பியிருக்கும் மென்பொருள்கள் அங்கே பொதுவாக நீங்காது, ஏனென்றால் அந்தச் சேவையே சேஃப் மோடில் ஓடாது. அதற்குப் பதில், இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் சிக்கல்களைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட்டே தரும் இலவச டிரபிள்ஷூட்டரை ஓடவிடுங்கள்.

படி 4: பிரவுசர்

மென்பொருள் போனாலும் அதன் எச்சம் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். குரோமில் மூன்று புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய், பிரவுசரோடு ஒட்டி வேலை செய்யும் இந்தக் குட்டி மென்பொருள்களில் நீங்கள் போடாததை எல்லாம் "ரிமூவ்" செய்யுங்கள். தேடுபொறி மாறியிருந்தால் செட்டிங்ஸில் உள்ள "ரீசெட் செட்டிங்ஸ்" உதவும். புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு எதுவும் போகாது.

அப்புறம், திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்த பெட்டி. சித்தப்பாவை அதிகம் பயமுறுத்தியது இதுதான். அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?" என்று கேட்டபோது இவர் "அலவ்" கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தை "பிளாக்" செய்ததும் சத்தமே இல்லை.

படி 5: கடைசியாக ஒரு சோதனை

டாஸ்க் மேனேஜரில் "ஸ்டார்ட்அப் ஆப்ஸ்" பகுதியில் பழைய பெயர் ஏதாவது மிச்சமிருந்தால் "டிசேபிள்". பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒரு ஃபுல் ஸ்கேன். நேரம் எடுக்கும், ஓடவிட்டுச் சாப்பிடப் போகலாம். அங்கேயே "ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்" பகுதியில், ரெபுடேஷன் பாதுகாப்பு அமைப்புக்குள், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் ஸ்விட்ச் இருக்கிறது. அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், அதாவது விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள், எதையும் போடாதீர்கள். அவற்றை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது.

எல்லாம் முடிந்ததும் சித்தப்பா, "சரி, பிடிஎஃப்-ஐ வேர்டாக மாத்த இப்ப நான் என்னடா பண்றது?" என்றார். அவர் லேப்டாப்பில் வேர்ட் 2019 இருந்தது. 2013 பதிப்பிலிருந்தே வேர்டில் ஃபைல், ஓப்பன் கொடுத்து பிடிஎஃப்-ஐத் தேர்ந்தெடுத்தால் அதுவே மாற்றித் திறந்துவிடும். பக்க அமைப்பு கொஞ்சம் கலையலாம். திறந்து காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.