கிராப் செய்த பிறகும் பட விளக்கம் நிலைக்க: தாராசுரம் படங்களை வைத்து ஒரு செய்முறை

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாற்றைக் காட்டும் சிறு சிற்பங்கள் வரிசையாக உள்ளன. பல காட்சிகளுக்கு உரிய பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு காட்சியை மட்டும் கிராப் செய்யும்போது, அதாவது வெட்டி எடுக்கும்போது, அந்த எழுத்து வெளியே போய்விட்டால், கோப்புக்குள் இருக்கும் குறிப்பு ஒன்றே அது எந்த நாயனார் என்று சொல்லும்.

முதலில், மூலப்படத்தை நகலெடுத்துக்கொண்டு, கிராப் செய்வதற்கு முன்பே டிஜிகாம் என்ற பட மேலாண்மை மென்பொருளில் தலைப்பையும் விளக்கத்தையும் எழுதிவிடுங்கள்.

தமிழில் எழுதுவோர் நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுதான். படக் கோப்புக்குள் குறிப்பு எழுதும் ஐபிடிசி முறையில் தலைப்புக்கு 64 பைட் மட்டுமே இடம் உண்டு. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுக்கிறது, புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படுகின்றன. ஆகவே ‘கண்ணப்ப நாயனார்’ 43 பைட்டில் அடங்கும். ‘கண்ணப்ப நாயனார், தாராசுரம்’ என்றால் 72 பைட்டாகி, வால் அறுபடக்கூடும். ஊர், சுவர், நாள் ஆகியவற்றை 2000 பைட் வரை ஏற்கும் விளக்கப் புலத்தில் எழுதுங்கள்.

அடுத்து ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் கிராப் செய்து, ஜேபெக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது எக்சிஃப், ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்ற உள்குறிப்பு வகைகள் மூன்றும் தேர்வாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். திரைப்பிடிப்பு எடுத்து வெட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் பழைய குறிப்பு எதுவும் வராது. ‘இடமிருந்து மூன்றாவது’ போன்ற சொற்கள் விளக்கத்தில் இருந்தால், கிராப்புக்குப் பின் அவை பொய்யாகிவிடும் என்பதால் திருத்திவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் வலைத்தளத்தில் பதிவேற்றியதும் ஐபிடிசி விளக்கம் தானாகவே பட விளக்கப் (Caption) பெட்டியில் நிரம்பும். படத்தைப் பார்க்க இயலாதவர்களுக்கான மாற்று உரையை நீங்களே எழுத வேண்டும். தளத்திலேயே கிராப் செய்தாக வேண்டுமென்றால் ஊடக நூலகத்தில் செய்யுங்கள்: அங்கு படத்தின் அதே உள்ளீடு நீடிப்பதால் விளக்கமும் மாற்று உரையும் அப்படியே இருக்கும், கட்டுரை எழுதும் பதிவுத் திருத்தியிலோ புதிய கோப்பு ஒன்று உருவாகிவிடும். ஆனால் சர்வரில் படங்களைக் கையாள ஜிடி நிரல்தொகுப்பு இயங்கினால் கோப்பின் உள்குறிப்பு அழிந்துவிடும், இமேஜிக் என்ற மற்றொரு தொகுப்பு இருந்தால் நிலைக்கும். எது இயங்குகிறது என்பதைத் வேர்ட்பிரஸின் தள நலப் (Site Health) பக்கத்தில் காணலாம்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் விளக்கம் வரவில்லை என்று கும்பகோணத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். படம் அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதில் படமாக அனுப்பினால் உள்குறிப்பு நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.