பல்பு அதேதான், வயரிங்தான் புதுசு

என் பழைய டூரிங் பைக்கின் ஹெட்லைட் மங்கலாகத்தான் எரியும். எல்இடி பல்பு போடச் சொன்னார்கள். எனக்கு இஷ்டமில்லை; ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் அது வெளிச்சத்தைச் சிதறடித்து, எதிரே வருகிறவர் கண்ணைத்தான் கூசவைக்கும்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு ஹோல்டரில் 12.1. மீதியை மெல்லிசு வயரும் கறுத்துப்போன சுவிட்சும் தின்றுகொண்டிருந்தன. ஹாலஜனுக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும்.

சரி, ரிலேதான் வழி; சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்கிற சுவிட்ச் அது. லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 15 ஆம்ப் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு, 87-இலிருந்து பல்புக்கு, பழைய சுவிட்ச் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பல்பின் எர்த்தையும் தடித்த வயரில் நேராக பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்தேன். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பல்பு அதே 60/55 வாட் எச்4 வகை ஹாலஜன்தான். இப்போது ஹோல்டரில் 13.5 வருகிறது. அப்புறம், பழைய பிளாஸ்டிக் ஹோல்டர் சூட்டில் பழுப்பேறிக் கிடந்ததால் பீங்கானில் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன்.