பெரிய முகாம் கத்தி: வாங்கும்போதும் வெட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழையில் நனைந்த விறகு எத்தனை தீக்குச்சி கிழித்தாலும் பற்றாது. அதைப் பிளந்தால் உள்ளே உலர்ந்த மரம் இருக்கும். கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, கட்டையின் தலையில் வைத்து, எதிர்ப்புறமான முதுகில் இன்னொரு கட்டையால் தட்டிப் பிளப்பதுதான் முறை. 7 அங்குலத்துக்கு மேற்பட்ட, மடங்காத கத்தியை முகாமுக்குச் சுமந்து செல்ல உருப்படியான காரணம் ஏறக்குறைய இது ஒன்றுதான். வெங்காயம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் 4 அங்குலக் கத்தியே வசதி. இதை மறந்து, தோற்றத்துக்காக வாங்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத பகுதியை: அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம், எவ்வளவு அகலத்தில் போகிறது என்பதை. சில ஆண்டுகளுக்கு முன், கொடைக்கானல் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் தங்கியிருந்தபோது, சவுக்குக் கட்டை ஒன்றைப் பிளக்க முயன்றேன். மூன்றாவது அடியில் பிடி மட்டும் என் கையோடு வந்தது. அலகு கட்டைக்குள்ளேயே நின்றது. உடைந்த இடத்தைப் பார்த்தால், பென்சில் பருமனில் ஒரு கம்பியை அலகோடு பற்றவைத்து, அதன்மேல் ரப்பர் பிடியைச் செருகியிருந்தார்கள். அலகு என் பக்கம் தெறிக்காதது என் நல்ல நேரம். பிடியின் முழு நீளத்துக்கும் இரும்பு ஓடி, இருபுறமும் மரமோ செயற்கைப் பொருளோ வைத்து ஆணி அறைந்த கத்தியில், பிடியின் விளிம்பில் இரும்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். அலகிலிருந்து பிடிக்குள் நீளும் இந்த இரும்பை வால் என்பார்கள்; பிடிக்குள் மறைந்திருக்கும் வால் எல்லாமே மோசம் என்பதும் சரியன்று. ஸ்வீடன், பின்லாந்து நாட்டுக் கத்திகளில் பல அப்படித்தான் செய்யப்படுகின்றன. ஆனால் வால் அலகோடு ஒரே இரும்பாக, போதிய அகலத்தில் இருக்க வேண்டும். பிடியைக் குழாயாக விட்டு, மூடியில் திசைகாட்டி பொருத்தி, உள்ளே தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் வைத்து விற்கும் கத்திகளை விளையாட்டுப் பொருள் வரிசையில் சேர்த்துவிடலாம்.

இரும்பைப் பொறுத்தவரை, கடினம் கூடக் கூட நல்லது என்ற எண்ணம் தவறு. கடினமான இரும்பு கூர்மையை நெடுநேரம் தாங்கும். ஆனால் அடி விழும்போது வாய் சில்லுச் சில்லாகப் பெயரும். வெட்டும் கத்திக்கு, இரும்பின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை போதும். லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து நம் ஊர்ப் பட்டறைகளில் அடித்துத் தரும் அரிவாள்கள் நன்றாக உழைப்பதற்கு, அதிர்ச்சியைத் தாங்கும் அந்த இரும்பின் குணமே காரணம். அலகின் கனம் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும். முதுகில் ரம்பப் பல் வெட்டிய கத்தியைத் தவிர்ப்பது நல்லது: அது மரத்தைச் சரியாக அறுப்பதில்லை, பிளக்கும்போது மேலே அடிக்கும் கட்டையையும் கடித்துக் குதறிவிடுகிறது.

நீளம் பற்றி ஒரு சட்டச் சங்கதியும் உண்டு. இந்தியாவின் ஆயுத விதிகள், 2016, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்களுக்காக வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே 8 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் எழுத்து மூலமான முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது, அந்தச் சட்டத்தின் சொற்பொருளில் கத்தியும் ஆயுதமே. மலையேற்றத்துக்கு அனுமதி வாங்கியதாலேயே கத்திக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

பிளக்கும் வேலையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. கட்டையின் குறுக்களவு அலகின் நீளத்தைவிட இரண்டு மூன்று அங்குலமாவது குறைவாக இருந்தால்தான் முனை மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் தொடர்ந்து தட்ட முடியும். தட்டுவதற்கு மணிக்கட்டுப் பருமனில் ஒரு கட்டையே போதும். கல்லாலோ சுத்தியலாலோ அடித்தால் முதுகு நசுங்கும், அலகு விரிசல் விடும். கணு உள்ள இடத்தை ஒதுக்கிவிட்டு வேறு பக்கம் வைக்க வேண்டும். கத்தி சிக்கிக்கொண்டால் பிடியை இடவலமாக முறுக்கக் கூடாது. பிளவில் ஒரு மர ஆப்பைச் செருகித் தட்டினால் மரம் தானே விட்டுக்கொடுக்கும். அடியில் பாறையோ வெறும் மண்ணோ இல்லாமல் ஒரு பலகையோ அடிக்கட்டையோ இருக்கட்டும், ஏனெனில் மண்ணில் ஒருமுறை இறங்கிய வாயைத் தீட்டி எடுக்க அரை மணி நேரம் பிடிக்கும்.

வீசி வெட்டும்போது நின்றுகொண்டு வெட்டுவதே பெரிய தவறு. குறி தப்பிய கத்தி காலை நோக்கித்தான் வரும். மண்டியிட்டு, வெட்டும் கட்டையை முழங்காலுக்கு நன்றாக முன்னால் வைத்துக்கொண்டால், தப்பிய வீச்சு தரையில் போய் முடியும். உட்கார்ந்து மடிமேல் வைத்துச் சீவுவது அதைவிட ஆபத்து, தொடையின் உட்புறம் ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். கையையும் கத்தியையும் நீட்டிச் சுற்றினால் எட்டும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் ஓடிவரும் முகாமில் இதை ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடியில் கட்டிய கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது பாதுகாப்புப் போலத் தோன்றும்; கை நழுவினால் அந்தக் கயிறே கத்தியைச் சுழற்றிக் கைக்குத் திருப்பி அனுப்பும்.

உறையிலிருந்து உருவும்போது உறையின் முதுகுப் பக்கத்தை மட்டும் பிடிக்க வேண்டும். உறையைச் சுற்றி விரல்களை மடக்கிப் பிடித்தால், வாய்ப் பக்கத்துத் தையலை அறுத்துக்கொண்டு கத்தி நேராக விரலுக்கு வரும். பழைய தோலுறைகளில் அந்தத் தையல் பாதி அறுந்திருப்பதை நீங்களே பார்க்கலாம். வீடு திரும்பியதும் கத்தியை அதே உறையில் செருகி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், எளிதில் துருப்பிடிக்கும் கார்பன் இரும்பில் ஒரு வாரத்திலேயே செம்புள்ளிகள் தோன்றும். துடைத்து, தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு மெல்லியதாகப் பூசி, கத்தியைத் தனியாகவும் உறையைத் தனியாகவும் வையுங்கள்.